90–10 ஆ, 50–50 ஆ: ஆங்கிலம்–ஸ்பானிஷ் பள்ளிக்கு எது சரிவரும்?

அமெரிக்காவில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் சேர்த்துக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால், முதல் சண்டை விகிதத்தில்தான் வரும். ஒரு கட்சி 90–10: கிண்டர்கார்ட்டனில் பாடநேரத்தில் 90 சதவீதம் ஸ்பானிஷ், 10 சதவீதம் ஆங்கிலம், பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டே போய் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரும்போது பாதிக்குப் பாதி. இன்னொரு கட்சி 50–50: முதல் நாளிலிருந்தே சரிபாதி. நடுவில் 80–20 என்று பஞ்சாயத்து பேச ஒருவர் இருப்பார். ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளை இரண்டு மூன்று வருடம் தாய்மொழியில் படிக்கவைத்துவிட்டு அப்புறம் முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிற முறையும் உண்டு. ஆனால் அதன் முடிவில் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு மொழிதான் என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவே இல்லை.

நான் சாய்வது 80–20 பக்கம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன், எப்போது 50–50 எடுத்துக்கொள்வேன் என்பதையும் சொல்கிறேன். ஆனால் பாதி நேரத்தை விகிதத்திலேயே செலவழித்துவிட்டு, எந்தப் பாடம் எந்த மொழியில், அதை நடத்த ஆள் எங்கே, ஆறாம் வகுப்புக்கு மேல் ஸ்பானிஷ் என்ன ஆகும் என்பதையெல்லாம் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் பள்ளி ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான்.

காகிதத்தில் எழுதிய விகிதத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பள்ளி நாள் ஆறரை மணி நேரம், அதாவது 390 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கும் விளையாட்டு இடைவேளைக்கும் 60 நிமிடம் போய்விடும். பி.டி., பாட்டு, ஓவியம், நூலகம் என்று சுழற்சியில் வருகிற வகுப்புக்கு 50. மிச்சம் 280. 50–50 பள்ளியில் இதில் பாதி, 140 நிமிடம்தான் ஸ்பானிஷ். மைதானத்தில் பிள்ளைகள் தானாகவே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், பாட்டு டீச்சருக்குப் பெரும்பாலும் ஸ்பானிஷ் வராது, ஆக 390-இல் 140, சுமார் 36 சதவீதம். பள்ளி வாசலைத் தாண்டினால் டிவி, கடை, நண்பன் வீட்டுப் பிறந்தநாள் எல்லாமே ஆங்கிலம். அதே கணக்கை 80–20-க்குப் போட்டால் 224 நிமிடம், சுமார் 57 சதவீதம். ஆக, "எங்களுக்குச் சரிபாதி வேண்டும்" என்று கேட்கிற பெற்றோருக்கு அதைக் கிட்டத்தட்டத் தருவது 80–20தான்.

ஆசிரியர் பற்றாக்குறையால் 50–50தான் முடியும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பி.டி., பாட்டு இரண்டுக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களாகப் பார்த்து எடுங்கள். அந்த 50 நிமிடம் சேர்ந்தால் 190, சுமார் 49 சதவீதத்துக்கு வந்துவிடும். பி.டி. வகுப்பு மொழிக்கு அருமையான இடமும்கூட: ஓடு, நில், இடப்பக்கம் திரும்பு, பந்தை அவளிடம் போடு என்று நாள் முழுக்கக் கட்டளைதான், புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

இனி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இந்த வகைப் பள்ளிகளின் முன்னோடி மயாமியில் உள்ள கோரல் வே பள்ளி. 1963-இல், கியூபப் புரட்சிக்குப் பின் வந்து குவிந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது. காலையில் தாய்மொழியில் பாடம், மதியம் அதே விஷயத்தை மற்ற மொழியில் உறுதிப்படுத்துவது என்று வைத்திருந்தார்கள். இன்றைக்கு இரண்டு மொழியிலும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்துவதைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறார்கள், காரணம் எளிது: எப்படியும் தன் மொழியில் வந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை மற்ற மொழியில் காது கொடுக்காது.

பொதுவாக இருமொழிப் பள்ளி நல்லதா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கெட்டியான பதில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து வந்தது. அங்கே சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்ததால், இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் நேராக ஒப்பிட முடிந்தது. 2017-இல் வெளியான அந்த முடிவுப்படி, இடம் கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதப் படிப்பும், எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாதப் படிப்பும் முன்னால் இருந்தார்கள், கணக்கிலும் சயின்ஸிலும் பின்தங்கவில்லை. ஆங்கில நேரத்தைக் குறைத்தும் ஆங்கிலம் கெடவில்லை என்பதுதான் இதில் பெற்றோருக்குத் தெரிய வேண்டியது. ஆனால் 90–10 உசத்தியா 50–50 உசத்தியா என்று அந்த ஆய்வு சொல்லாது. அதற்குக் கலிபோர்னியப் பள்ளிகளை நெடுங்காலம் ஆராய்ந்த கேத்ரின் லிண்ட்ஹோம்-லியரியிடம் போக வேண்டும். அவர் திரும்பத் திரும்பக் கண்டது, மேல் வகுப்பு வரும்போது இரண்டு முறையிலும் ஆங்கிலம் ஒரே அளவில் வந்து நிற்கிறது, ஸ்பானிஷ் மட்டும் 90–10-இல் நன்றாக இருக்கிறது என்பதுதான். நான் ஸ்பானிஷ் கனமான பக்கம் சாய்வதற்கு இது ஒன்றே போதும்.

அப்புறம் ஏன் எல்லோரும் 90–10 எடுப்பதில்லை? ஆள் கிடைப்பதில்லை. வகுப்புக்கு இரண்டு பிரிவு, கிண்டர்கார்ட்டன் முதல் ஐந்தாம் வகுப்புவரை மொத்தம் 12 பிரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 50–50-இல் ஒரு ஸ்பானிஷ் டீச்சரும் ஒரு ஆங்கில டீச்சரும் ஜோடியாக இரண்டு பிரிவை மாற்றி மாற்றி எடுப்பார்கள், மதியம் பிள்ளைகள் அறை மாறுவார்கள், ஆக ஆறு ஸ்பானிஷ் டீச்சர் போதும். 2008-இல் சட்டமே போட்டு மாநிலம் முழுக்கப் பரப்பிய யூட்டா எடுத்தது இந்த ஜோடி முறையைத்தான், வேகமாகப் பரவ முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 80–20-இல் மூன்றாம் வகுப்புவரை எட்டுப் பிரிவுக்கும் எட்டு இருமொழி ஆசிரியர், நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி ஆகிவிடுவதால் ஜோடிக்கு ஒருவராக இரண்டு, ஆக பத்துப் பேர். வாஷிங்டனில் 1971-இல் தொடங்கிய ஆய்ஸ்டர் பள்ளி ஒரே வகுப்பில் இரண்டு டீச்சர்களை நிறுத்தியது. பார்க்க அழகு, ஆனால் சம்பளக் கணக்கைப் பார்த்ததும் பெரும்பாலான பள்ளிகள் பின்வாங்கிவிடும்.

பத்துப் பேரை எங்கே பிடிப்பது? ஸ்பெயின் கல்வி அமைச்சகம் அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, பல பள்ளி மாவட்டங்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் அவர்கள் வருகிற ஜே–1 விசா மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து, அதற்கு மேல் இல்லை. டீச்சர் பழகி, பாடத்தைக் கையில் பிடித்து, நல்லா நடத்தத் தொடங்குகிற நேரத்தில் விமானம் ஏறிவிடுவார். இன்னொன்று, மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மாட்ரிட்டிலிருந்து வந்த ஆசிரியர் "நீங்கள் எல்லோரும்" என்பதற்கு ‘வோசோத்ரோஸ்’ என்று சொல்லும்போது பிள்ளைகள் முழிப்பார்கள், வீட்டில் அவர்கள் கேட்டு வளர்ந்தது ‘உஸ்தேதேஸ்’. பெரிய பிரச்சினை இல்லைதான், பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எந்த நாட்டு ஸ்பானிஷையும் தப்பு என்று சிவப்பு மையில் திருத்தக்கூடாது என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் பாட்டி பேசுகிற பேச்சு மட்டம் என்ற எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். என்னைக் கேட்டால் உள்ளூரில் வகுப்பறை உதவியாளராக இருக்கிற ஸ்பானிஷ் பேசும் பெண்களை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, படிப்புச் செலவைப் பள்ளி ஏற்பதுதான் நீண்டகாலத்துக்கு மலிவு.

எழுத்தறிவு எந்த மொழியில் முதலில் என்பது அடுத்த சண்டை. மூன்று வழி இருக்கிறது. எல்லோருக்கும் ஸ்பானிஷில் முதலில். அல்லது அவரவர் வீட்டு மொழியில் முதலில், டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வளர்ந்த கோமெஸ் முறை இப்படித்தான், இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் இரண்டும் வந்துவிடும். அல்லது கிண்டர்கார்ட்டனிலிருந்தே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

ஸ்பானிஷில் முதலில் என்பதற்குப் பெரிய வாதம் எழுத்துதான். ஐந்து உயிரெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. மா, மே, மி, மோ, மு என்று நம்ம ஊர் ம, மா, மி, மீ மாதிரியே அசை அசையாகச் சொல்லித்தருவார்கள், சில மாதத்தில் பிள்ளை ‘மரிபோசா’ என்ற நாலசைச் சொல்லைத் திக்காமல் படித்துவிடும். ஆங்கிலத்தில் அதே பிள்ளை மூன்றெழுத்துச் சொற்களைத் தாண்டியதும் எழுத்துக்கூட்டிப் படித்தால் வராத சொற்களிடம் மாட்டிக்கொள்ளும். எழுத்து ஒலியாகிறது என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்குத் திரும்பக் கற்க வேண்டியதில்லை, ஆகவே எளிதான மொழியில் பிடிபடட்டும். சில பிழைகள் வரும். ஸ்பானிஷில் எழுதப் பழகிய பிள்ளை ஆங்கில ‘ஹவுஸ்’ என்பதை ஜே, ஏ, யூ, எஸ் என்று எழுதும், ஏனென்றால் ஸ்பானிஷில் ஹ ஒலி தருவது ஜே. ‘ஸ்கூல்’ முன்னால் ஒரு எ ஒலி வந்து ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் பிள்ளை ஒலியைச் சரியாகக் கேட்கிறது என்பதற்கு அடையாளம், இரண்டாம் வகுப்பில் ஆங்கில எழுத்துமுறையைத் தனியாக, ஒழுங்காக நடத்தினால் சரியாகிவிடும். தனியாக நடத்த வேண்டும், தானாக வந்துவிடும் என்று விட்டால் வராது.

வீட்டு மொழியில் முதலில் என்ற கோமெஸ் முறையில் எனக்குள்ள ஒரே தயக்கம், மொழிவாரியாகப் பிள்ளைகள் பிரிந்து உட்காருவது. ஒரு வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கில வீட்டுப் பிள்ளைகளும் தலா குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சேர்ப்பதே, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்காகத்தான். (தமிழ், தெலுங்கு, வியட்நாமிய வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தில்தான் வைக்கப்படுவார்கள். நம்மவர்கள் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இந்தப் பள்ளிகளில் விண்ணப்பம் போடும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, எந்த வரிசையில் காத்திருக்கிறோம் என்பது அதைப் பொறுத்தது.) ஸ்டான்ஃபோர்டின் குவாதலூப்பே வால்தேஸ் 1997-லேயே எச்சரித்த விஷயமும் இங்கே பொருந்தும்: ஆங்கில வீட்டுப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்று டீச்சர் ஸ்பானிஷை எளிதாக்கிக்கொண்டே போனால், ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைக்குத் தன் மொழியில் வளர வேண்டிய ஆழம் கிடைக்காது. 80–20-இலும் இந்த ஆபத்து இருக்கிறது. ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில பீரியடாவது கனமான வாசிப்பு தனியாக வேண்டும்.

சரி, பாடங்களுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணக்கை ஆங்கிலத்திலும் சயின்ஸ், சமூக அறிவியலை ஸ்பானிஷிலும் வைக்கலாம், கோமெஸ் முறை அப்படித்தான். அல்லது கீழ் வகுப்பில் கணக்கு ஸ்பானிஷில், நாலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு, யூட்டா கிட்டத்தட்ட இப்படிப் போகிறது. கணக்குக்கு மொழி முக்கியமில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள், மூன்றாம் வகுப்புக் கணக்கில் வாக்கியக் கணக்கு நிறைய வரும். நான் யூட்டா வழியை எடுப்பேன். தினமும் தவறாமல் நடக்கிற, மாற்றிப் போட முடியாத பாடம் கணக்கு, கீழ் வகுப்பில் ஸ்பானிஷுக்கு அந்த நிமிடங்கள் வேண்டும். மேலே போனால் நடுநிலைப் பள்ளியின் அல்ஜீப்ரா ஆங்கிலத்தில் காத்திருக்கிறது, மாற வேண்டிய நேரம் அது.

ஆனால் ஸ்பானிஷில் கணக்கு நடத்தும்போது சில இடங்களைப் பாடத்திட்டத்திலேயே குறித்துவைக்க வேண்டும். தென் அமெரிக்காவின் பல நாடுகளில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுவார்கள். அங்கே படித்த அப்பா ஹோம்வொர்க்குக்கு உதவ உட்கார்ந்தால் டீச்சர் காட்டிய படமும் அப்பா போடுகிற படமும் ஒத்துப்போகாது, பிள்ளை இருவரில் ஒருவருக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடும். மெக்சிகோவில் தசமத்துக்குப் புள்ளி, கொலம்பியாவிலும் அர்ஜென்டினாவிலும் கமா. ஆங்கில ‘பில்லியன்’ நூறு கோடி, ஸ்பானிஷ் மரபில் ‘பில்யோன்’ லட்சம் கோடி. இதையெல்லாம் மறைக்காமல், இரண்டு வழியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஏன் இரண்டும் ஒரே விடை தருகிறது என்று ஒரு பீரியட் நடத்தினால், வகுத்தல் என்ன செய்கிறது என்று ஒரு மொழிப் பள்ளிப் பிள்ளையைவிட இவர்களுக்கு நன்றாகப் புரியும்.

சயின்ஸ் ஐந்தாம் வகுப்புவரை ஸ்பானிஷிலேயே இருக்கட்டும். கலைச்சொற்கள் இரண்டு மொழிக்கும் லத்தீன், கிரேக்கத்திலிருந்து வந்தவை என்பதால் கடப்பது எளிது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரே ஒரு வகுப்பை ‘புவென்தே’, அதாவது பாலம் என்று வைத்து, கற்ற சொற்களை இரண்டு மொழியிலும் எதிரெதிரே எழுதிக்கொண்டால் போதும், பாடத்தைத் திரும்ப நடத்தத் தேவையில்லை.

சமூக அறிவியலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுக்கக்கூடாது என்பேன். 1848 பிப்ரவரியில் கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா உள்பட மெக்சிகோவின் பாதிக்கு மேற்பட்ட நிலம் அமெரிக்காவின் கைக்குப் போனது. அமெரிக்கப் புத்தகத்தில் அது நாடு மேற்கே விரிந்த கதை, மெக்சிகோப் புத்தகத்தில் அந்நியப் படையெடுப்பு. இரண்டு புத்தகத்தையும் நேரடியாக வாசிக்கக்கூடிய பத்து வயதுப் பிள்ளைகள் வேறு எந்தப் பள்ளியில் கிடைப்பார்கள்? அமெரிக்கப் பள்ளி ஏழு கண்டம் என்கிறது, லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வடக்கும் தெற்கும் சேர்ந்து அமெரிக்கா ஒரே கண்டம், ஆகவே எண்ணிக்கையே மாறிவிடும். தேர்வுக்கு எது பதில் என்றும் சொல்லித்தர வேண்டும், ஏன் இரண்டு பதில் என்றும் சொல்லித்தர வேண்டும். பல பள்ளிகளில் இந்தப் பாடம் மே 5-ஆம் தேதி காகிதக் கொடி வெட்டுவதோடு நின்றுவிடுகிறது. அதையும் மெக்சிகோ சுதந்திர தினம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுதந்திர தினம் செப்டம்பர் 16, மே 5 என்பது 1862-இல் பிரெஞ்சுப் படையைப் புவெப்லாவில் தோற்கடித்த நாள்.

புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷ் பதிப்பு என்று விற்பதில் பல, ஆங்கிலப் பாடநூலின் மொழிபெயர்ப்பு. எதுகைப் பாடல் மூலம் ஒலியைச் சொல்லித்தரும் பக்கத்தை மொழிபெயர்த்தால் எதுகை காணாமல் போயிருக்கும், பயிற்சி மட்டும் "ஒத்து ஒலிக்கும் சொல்லை வட்டமிடு" என்று அப்படியே நிற்கும். விற்பனையாளர் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

மாநிலத் தேர்வு என்ற பூதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டெக்சாஸில் 3 முதல் 5 வகுப்புவரை மாநிலத் தேர்வை ஸ்பானிஷிலேயே எழுதலாம், ஆகவே 90–10-உம் அங்கே தைரியமாக எடுக்கலாம். கலிபோர்னியாவில் மூன்றாம் வகுப்பு மொழித் தேர்வு ஆங்கிலத்தில், முதல் சில வருடம் உங்கள் பள்ளியின் மதிப்பெண் பக்கத்துப் பள்ளியைவிடக் குறைவாகத்தான் தெரியும். சேர்க்கையின்போதே பெற்றோரிடம் இதை எழுதிக் காட்டிவிடுங்கள், மூன்றாம் வகுப்பில் பதறிப்போய்ப் பிள்ளையை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் யாரும் சொல்லாதவர்கள். ஃபுளோரிடாவில் மூன்றாம் வகுப்பு ஆங்கில வாசிப்பில் தவறினால் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதி இருக்கிறது, அங்கே நான் 50–50 பக்கம் போய்விடுவேன், மேலே சொன்ன பி.டி., பாட்டு வழியோடு. ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குகூடச் சேராத ஊர் என்றாலும் பதில் மாறும், ஆனால் எதிர்ப்பக்கம்: வகுப்பில் ஸ்பானிஷ் பேசுவது பெரும்பாலும் டீச்சர் ஒருவர்தான் என்பதால் 90–10-ஏ தேவைப்படும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பல திட்டங்கள் கரைந்துபோகின்றன. தினமும் ஒரு பீரியட் ஸ்பானிஷ், அதுவும் இலக்கணப் பயிற்சி, ஓவியமா ஸ்பானிஷா என்று பிள்ளையே தேர்வு செய்யும் நிலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது இரண்டு பீரியட் வேண்டும், ஒன்று ஸ்பானிஷ் மொழிப்பாடம், இன்னொன்று ஸ்பானிஷில் சமூக அறிவியல், இரண்டும் கட்டாயப் பாடமாக, விருப்பப் பாடத்தின் இடத்தைத் தின்னாத மாதிரி டைம்டேபிளில். உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரத்துப் பாடமான ஏ.பி. ஸ்பானிஷும், இரண்டு மொழியிலும் தேர்ந்த பிள்ளைக்குப் பட்டயத்தில் கொடுக்கிற, கலிபோர்னியா 2011-இல் சட்டமாக்கிப் பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்ட இருமொழி முத்திரையும் இருக்கின்றன, பிள்ளைக்குக் காட்ட ஒரு இலக்கு கிடைக்கும்.

கடைசியாக ஒரு நிர்வாகக் கணக்கு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். குடும்பங்கள் வீடு மாறும், ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுக்குச் சில இடம் காலியாகும். 80–20-இல் இரண்டாம் வகுப்புக்கு மேல் ஸ்பானிஷ் தெரியாத பிள்ளையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்காரவைக்க முடியாது, வேறு இருமொழிப் பள்ளியிலிருந்தோ ஸ்பானிஷ் பேசும் நாட்டிலிருந்தோ வருகிற பிள்ளைக்குத்தான் கொடுக்கலாம். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவு நிரம்ப வேண்டும் என்றால் கிண்டர்கார்ட்டனில் மூன்று பிரிவு தொடங்குங்கள். அந்த மூன்றாவது பிரிவுக்கு ஆளும் அறையும் முதல் வருட பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.